துக்கம் கேட்க வந்தவள்

பாகூர், 1937 ஐப்பசி

அன்புள்ளவளுக்கு,

ஏரி நிரம்பிவிட்டது. வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

"உங்க கதையில யாருமே பொழைக்க மாட்டாங்களா?" என்பாயே, புதுக் கதையிலும் அப்படித்தான். தாய்வீட்டுக்குப் போன மனைவி கிணற்றில் விழுந்து சாகிறாள். 'நான்', 'என் மனைவி' என்று எழுதியிருந்ததால், பத்திரிகையில் படித்த ஊர்க்காரர்கள் நிஜமென்றே நம்பிவிட்டார்கள்.

நேற்று பக்கத்து வீட்டுக் காசம்மாள் அழுதுகொண்டே வந்தாள். "இன்னா கொடும தம்பி இது! தங்கமான பொண்ணாச்சே!"

நீ வில்லியனூரில் சுகமாக இருப்பதைச் சொல்ல வாயெடுத்தேன். "அப்புறம் ஏன் இன்னும் வரல?" என்று கேட்பாளே. தலையைக் குனிந்துகொண்டேன். வெகுநேரம் என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

துக்க வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்பதில்லை. அவளும் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனாள், உன்னைப் போல.

இப்படிக்கு,
இங்கேயே இருக்கிறவன்