வரப்போகும் எண்ணுக்கு ஒரு கட்டம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இருமல் விட்டதா? இயந்திர அறைச் சூட்டில் வேர்க்க விறுவிறுக்க நின்றுவிட்டு அப்படியே மேல்தளத்துக் காற்றில் போய் நிற்காதே என்று எத்தனை தரம் சொல்வது, நீ கேட்டால்தானே. மருமகளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பகல் ஷிப்ட் கொடுத்துவிட்டார்கள், முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் வந்து வந்து பார்த்துவிட்டு தலையை ஆட்டிவிட்டுப் போகிறார், ஒழுகுவதைப் பார்க்க எங்களுக்கே தெரியாதா என்று உன் பெண்டாட்டி கேட்டதற்கு மனுஷனுக்குக் கோபம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ போனில் பேசினபோது எப்பப்பா வருவே என்று உன் மகள் குண்டூசி கேட்டாள், நீ பார்க்கலாம் என்றாய். அன்றைக்குப் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவள்தான், அதற்குப் பிறகு நீ எப்போது கூப்பிட்டாலும் வீட்டுப்பாடம் இருக்கு என்கிறாள். குண்டூசி என்று பெயர் வைத்தவன் நீ, அது குத்தினால் எப்படி இருக்கும் என்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

சனிக்கிழமை அவளுக்குப் பள்ளிகளுக்கு இடையிலான கணக்குப் போட்டி. மருமகளுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன். நான் என்னவோ பரீட்சை மாதிரி எழுதிவிட்டு வருவார்கள் என்று நினைத்தேனப்பா, அது ஒரு பெரிய கல்யாணத்தை நடத்துகிற மாதிரி நடக்கிறது, சத்தம் மட்டும்தான் கிடையாது. வாசலிலேயே பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டு ஒரு எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள், விடைத்தாளில் அந்த எண்தான், திருத்துகிறவருக்கு அது யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளி, ஒன்றும் தெரியாது. போன், கைக்கடிகாரம் எல்லாம் பைக்குள்ளே. கால்குலேட்டர் கூடாது, பென்சிலும் ரப்பரும் மூளையும் போதும். ஒட்டின கேள்வித்தாள் உறையைப் பிள்ளைகளுக்கு முன்னால் தூக்கிக் காட்டி, பிரிக்காமல் இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை வைக்கிறார்கள். காலையில் ஆளாளுக்குத் தனியாக எழுதினார்கள். திருத்துகிற அறைக்குக் கண்ணாடிக் கதவு, நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துகிறார்கள், ஒருவர் போட்ட மார்க்கு மற்றவருக்குத் தெரியாது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளிடம் போகிறது. ஒரு பிள்ளையின் ஒரு மார்க்குக்கு இத்தனை பெரியவர்கள் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் விளையாட்டு அரங்கத்தில் தொடர் கணக்கு. எங்களை மேலே பால்கனியில் உட்காரவைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கீழே ஒவ்வொரு பள்ளிக்கும் நாலு பிள்ளைகள், ஒருவர் பின்னால் ஒருவராக, திரும்பவும் கூடாது பேசவும் கூடாது. முதல் பிள்ளை தன் கணக்கைப் போட்டு விடையை மட்டும் ஒரு சீட்டில் எழுதி தோளுக்கு மேலே பின்னால் நீட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளையின் கணக்கு அந்த எண் வந்தால்தான் முடியும், அதன் விடை மூன்றாவதுக்கு, அது நாலாவதுக்கு. கடைசிப் பிள்ளை கை தூக்கினால் ஆள் வந்து சீட்டை வாங்கிக்கொள்வார், ஒரே ஒரு சீட்டுதான் வாங்குவார்கள். முதல் மணி அடிப்பதற்குள் கொடுத்தால் மார்க்கு அதிகம், இரண்டாவது மணிக்குள் என்றால் பாதி. நடுவில் யாருக்காவது தன் விடை தப்பென்று தெரிந்தால் இன்னொரு சீட்டு அனுப்பலாம், பின்னால் இருப்பவர் திருத்திக்கொள்ளலாம். இதை ஒரு அம்மா மைக்கில் இரண்டு தரம் படித்தார்.

நம் குண்டூசி கடைசி இருக்கை. சீட்டு வருவதற்கு முன்பே விறுவிறுவென்று எழுத ஆரம்பித்துவிட்டாள். என்ன இது, எண் வராமலே என்னத்தை எழுதுகிறாள் என்று பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரைப் பார்த்தேன். வரப்போகிற எண் இருக்க வேண்டிய இடத்தில் காலியாக ஒரு கட்டம் போட்டுவிட்டு மீதிக் கணக்கை முடித்துவிடுவாளாம், எண் வந்ததும் கட்டத்துக்குள் வைத்தால் வேலை முடிந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அளவே கொடுக்காத ஆளுக்குச் சட்டை தைத்து பொத்தான் வரைக்கும் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன், நம் வீட்டுப் பிள்ளையிடம் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

சீட்டு வந்தது, கட்டத்தில் வைத்தாள், எழுதினாள், கை தூக்கவில்லை. மற்ற வரிசைகளில் கைகள் எழும்புகின்றன, இவள் மடியில் கையை வைத்துக்கொண்டு முன்னால் இருந்தவனின் முதுகைப் பார்க்கிறாள். தூக்குடி என்று நான் மனதுக்குள் கத்துகிறேன். முதல் மணி அடித்துவிட்டது. அப்புறம் பார், இவள் வரிசையில் முதலில் இருந்த நெட்டைப் பையன் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு சீட்டை நீட்டினான், நடுவில் இருந்த இரண்டு பேரும் அதை வைத்துத் தங்கள் விடையைத் திருத்தி அனுப்ப, புதுச் சீட்டு இவளிடம் வந்தது, கட்டத்தில் இருந்ததை அழித்தாள், புதிதை வைத்தாள், கை மேலே போனது, இரண்டாவது மணியும் அடித்தது. விடை சரி. கோப்பை கிடைக்கவில்லை, மொத்தத்தில் நாலாவது இடம்தான், ஆனால் அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் கேட்டேன், முதலிலேயே ஏண்டி கொடுக்கலை என்று. வரிசையில எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு கேள்வி பாட்டி, பதினேழரைன்னு வருது, அரை ஆள் எங்க போய் நிப்பான் என்று சிரித்தாள். அப்போ நெட்டையன் தப்பா அனுப்பினான்னு திட்டினியா என்றேன். எதுக்குத் திட்டணும், ஒண்ணு அனுப்பினான், அதான் எனக்கு வேலை ஓடுச்சு, சரியானது வரும்னு தெரியும் என்றாள். பிறகு நான் கேட்காமலே, எதுவுமே அனுப்பாம இருந்தாத்தான் பாட்டி ஒண்ணும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகனே, நீ பார்க்கலாம் என்று சொல்வது பிள்ளையை ஏமாற்றக் கூடாது என்பதற்காகத்தான், எனக்குத் தெரியாதா. கப்பல்காரன் தேதி அவன் கையில் இல்லை. ஆனால் அவள் எல்லாம் போட்டு வைத்திருக்கிறாள், எந்தப் பஸ்ஸில் துறைமுகத்துக்கு வருவது, உனக்கு எந்தக் கட்டில், அடுத்த சுற்றுக்குப் பால்கனியில் உனக்கு எந்தப் பக்கம் இடம் பிடிப்பது என்பது வரைக்கும். ஒரு இடம்தான் காலி. நீ ஒரு தேதியை அனுப்பு. தப்பாகப் போனால் இன்னொரு சீட்டு அனுப்பிக்கொள், விதியில் இடம் இருக்கிறது, என் காதால் கேட்டேன்.

காற்றும் அலையும் உன்னிடம் தன்மையாக நடந்துகொள்ளட்டும், நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். இருமலுக்கு வெந்நீர் குடி. தேதியை எனக்கு எழுதாதே, அவள் பெயருக்கு எழுது.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா