மூத்தாரை உட்கார வைத்துப் பார்த்த படம்

அம்மா,

போன வாரம் லாங் பஜாருக்குப் புளி வாங்கப் போயிருந்தேன். ஒரு கைவண்டிக்காரர் "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுத்துக்கொண்டு வர, சுவரோடு ஒட்டி நின்றேன். திரும்பினால் முகத்துக்கு நேரே ஒரு போஸ்டர். பசைகூடக் காயவில்லை. போலீஸ் தொப்பி போட்ட ஒரு முகம், பக்கத்தில் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதே முகம். நம் படம், அம்மா. பழைய படங்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடியும் தியேட்டரில் விடுகிறார்கள் அல்லவா, அந்த யோகம் நம் படத்துக்கும் அடித்துவிட்டது. புளியை மறந்துவிட்டு அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஒருவன், "இன்னாக்கா, வழிய விடு" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மேட்னி என்றேன், மறுபேச்சில்லாமல் வருகிறேன் என்றான். ஒடுகத்தூர் சித்தியிடம் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. "அக்கா போய் வருஷம் திரும்பல. தலைத் தெவசம்கூட ஆவல. அதுக்குள்ள சினிமா கேக்குதா உனக்கு? நாலு பேர் இன்னா சொல்வாங்க? பெரியப்பாவையாவது ஒரு வார்த்தை கேட்டியா?" என்று பொரிந்து தள்ளிவிட்டாள். உன் கூடப் பிறந்தவள், உன்னை நினைத்து இன்னமும் தினம் அழுகிறவள். அவளிடம் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இதே பேச்சு உன்னிடம் வந்தபோது நீ என்ன செய்தாய் என்பதைச் சித்தி மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

அப்பா இருந்தவரை நமக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சினிமாதான். அப்போது ஆம்பூருக்குப் புதுப்படம் வந்து சேர நாளாகும். பழைய படங்களே சுற்றிச் சுற்றி வரும், நாமும் சலிக்காமல் போவோம். இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தோம் என்று யாருக்கும் கணக்கில்லை. சின்ன வயதில் பிரிந்துபோகிற இரட்டைப் பிள்ளைகள், ஒருவன் போலீஸ், ஒருவன் லாரி டிரைவர், கடைசியில் ஒன்று சேர்கிறார்கள். இவ்வளவுதான் கதை. தம்பிக்கு வசனம் முழுக்க மனப்பாடம். லாரிக்காரன் ரோட்டை மறித்து நிற்கும் வில்லனைப் பார்த்து, "வண்டி என்னுது, ரோடு எல்லாருது, தள்ளி நில்லு" என்று சொல்வதற்குள் இவன் சொல்லி முடித்திருப்பான். அப்பா அவன் தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பார்.

அந்த மனிதர் ஒரு நாள் காலையில் டீ குடித்துவிட்டு தோல் பதனிடும் டேனரிக்கு வேலைக்குப் போனார். மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அன்றோடு தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். கேட்டால் தலையை ஆட்டுவான். பசித்தால் தட்டைக் கொண்டுவந்து உன் முன்னால் வைப்பான். தாயத்து கட்டிப் பார்த்தோம். மசூதி வாசலில் ஓதி ஊதிவிடப் பக்கத்து வீட்டு அம்மாவும் அவனைக் கூட்டிப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நீ காரியம் முடிந்த மறுநாளே ஷூ ஃபேக்டரி வேனில் ஏறியிருந்தாய், தையல் லைனில் வேலை. சாயங்காலம் வந்து கைகால்கூடக் கழுவாமல் அவனை மடியில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு எந்த மெஷின் மக்கர் செய்தது, சூப்பர்வைசர் யாரைத் திட்டினார் என்று பேசிக்கொண்டே இருப்பாய். அவன் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் தூங்கிய பிறகு நீ முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொள்வாய். இவன் இப்படியே ஊமையாகிவிடுவானோ என்ற பயம் உனக்கு, அம்மா. அப்பா போன துக்கத்தைவிட அது பெரிதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நம் படம் திரும்ப வந்தது. வேனிலிருந்து இறங்கும்போதே நீ முடிவு செய்துவிட்டாய். "நாளைக்கு மேட்னி போறோம்" என்றாய்.

"எல்லாரும் திட்டுவாங்கம்மா," என்றேன்.

"திட்டிட்டுப் போறாங்க."

"அது பாத்த படம்தானே?"

"பாத்த படம்தான் வேணும். யாரு சாவாங்க, யாரு பொழைப்பாங்கன்னு முன்னாடியே தெரியும். புள்ள பயப்படாம பாப்பான்."

இன்றைக்கு வேலை முடிந்து அலுத்துப்போய் வந்து நான் டிவியில் பழைய படத்தைப் போடும்போது, "பாத்ததையே எத்தனை தடவம்மா பாப்ப?" என்று என் மகள் கேலி செய்கிறாள். நான் அவளுக்குச் சொல்லும் பதில் உன்னுடையதுதான்.

மறுநாள் நீ இருப்பதில் நல்ல சேலையைக் கட்டினாய். சந்து வழியாகப் போகாமல் பெரிய தெருவில் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தாய். தியேட்டரிலும் மூலை பார்த்து ஒதுங்கவில்லை, நட்டநடு வரிசையில் போய் உட்கார்ந்தாய். படம் ஓட ஆரம்பித்து வெகுநேரம் தம்பி அசையவே இல்லை. லாரி வந்து நின்றது. லாரிக்காரன் கதவைத் திறந்து குதித்தான். அப்போது என் பக்கத்தில் ஒரு கரகரத்த சின்னக் குரல், "வண்டி என்னுது" என்றது. நாள்கணக்கில் பேசாத தொண்டை, எனக்கு அது யார் குரல் என்றே முதலில் பிடிபடவில்லை. நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. பிறகு அவன் நிறுத்தவே இல்லை. ஹீரோ வசனம், வில்லன் வசனம், அந்த அம்மா அழுகிற வசனம், எல்லாவற்றையும் அவனே சொன்னான்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் டார்ச் வெளிச்சம் நம் மேல் விழுந்தது. பின்னால் பெரியப்பா. நம்மைப் பார்க்க வீட்டுக்கு வந்தவரிடம், "உங்க தம்பி சம்சாரம் புள்ளைங்கள இட்டுனு சினிமாவுக்குப் போயிருக்கு" என்று யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் கணவனின் அண்ணனான மூத்தாருக்கு முன்னால் தம்பி மனைவி உட்காருவது கிடையாது, நேருக்கு நேர் பேசுவதும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து நீ அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடுவாய்.

"எழுந்து வா. புள்ளைங்களையும் இட்டுனு வா," என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நீ எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "பையன் பேசறான் மாமா. உக்காருங்க" என்றாய்.

அவர் தம்பியைப் பார்த்தார். அவன் இது எதையும் கவனிக்காமல் போலீஸ்காரனின் வசனத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பின் வரிசையிலிருந்து, "யோவ், மறைக்குது, உக்காருய்யா" என்று ஒரு குரல் வந்தது. பெரியப்பா உட்கார்ந்தார், நாற்காலியின் விளிம்பில், எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிறவர் போல.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். முதல் பாதி பார்க்காத மனிதர் அல்லவா. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவன் இப்பத்தான போலீஸ் டிரஸ்ல இருந்தான், அதுக்குள்ள எப்படி லாரி ஓட்றான்?" என்றார்.

"அது வேற ஆளு மாமா. அண்ணன் தம்பிங்க," என்றாய் நீ.

"மூஞ்சி ஒண்ணா கீதே."

"ரெட்டைப் புள்ளைங்க மாமா."

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று உன்மேலேயே கோபித்துக்கொண்டார். அவரும் நீயும் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

கடைசிக் காட்சியில் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டார்கள். பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் காரியத்தன்றும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எல்லா வேலையையும் முன்நின்று பார்த்தவர் அவர். தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் அந்த இருட்டில்தான் அழுதார். அவர் தோள் குலுங்கியதை நீ பார்த்தாய், பார்க்காதது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நம் தெருவுக்குத் திரும்பியபோது குழாயடியில் சொந்தக்காரப் பெண்கள் கூடியிருந்தார்கள். யாரும் வாய் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். "நான்தான் கூட்டிட்டுப் போனேன். இன்னா இப்ப?" என்றார். உன்னைக் காப்பாற்ற அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்று தலையைக் குனிந்து வீட்டுக்குள் போயிருப்பார்கள்.

நீ நின்றாய். "இல்ல. மாமா கூட்டிட்டுப் போவல. நானாத்தான் போனேன்" என்றாய். "காரியம் முடிஞ்ச மறுநாளே என்னை ஃபேக்டரி வேன்ல ஏத்தி அனுப்புனீங்களே, அப்ப வருஷம் திரும்பலன்னு யாரும் சொல்லலியே. சம்பாதிக்கப் போறதுக்கு இல்லாத துக்கம், எம் புள்ள சிரிக்கறதுக்கு மட்டும் ஏன்?"

குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தம்பிதான் பேசினான். "பசிக்குதும்மா" என்றான். அவர்கள் அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா, நான் படித்தேன், இன்று ஆஸ்பத்திரி லேபில் எனக்குக் கீழே நான்கைந்து பேர் வேலை செய்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் என் வாழ்க்கையில் எனக்கு எது பெருமை என்று கேட்டால் அந்தக் குழாயடியைத்தான் சொல்வேன். நீ ஆம்பூரில் பெரிய ஆள் யாரும் இல்லை. லைனில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்தவள். அன்று அந்தத் தெருவில் உன் அளவுக்கு உயரமாக யாரும் இல்லை. அதன் பிறகு தம்பி வாயை மூடவே இல்லை என்பது வேறு கதை. அவனுடைய மொபைல் கடைக்கு வருகிறவர்கள், "அண்ணா, ரிப்பேரைப் பாருண்ணா, அப்புறம் பேசு" என்று கெஞ்சுகிறார்கள்.

சித்தி சொல்லிவிட்டாளே என்று பெரியப்பாவைப் பார்க்கத் திமிரிக்குப் போனேன். இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார், கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. அனுமதி கேட்க நான் போகவில்லை, சொல்லிவிட்டு வரத்தான் போனேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"எந்தப் படம்? அந்த ரெண்டு மூஞ்சிக்காரன் படமா?"

"ஆமா பெரியப்பா."

"அதுல முன்பாதி நான் பாக்கவே இல்லமா. டிவில போட்டப்பல்லாம் இன்னாவோ வேலை. சின்னப் புள்ளையா ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாங்களாமே, உங்கம்மா சொல்லுவா. என்னையும் கூட்டிட்டுப் போ."

அன்று சாயங்காலமே சித்தி போன் செய்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "போறதுன்னா போ. யாராவது கேட்டா பெரியப்பா ஆசப்பட்டாரு, அதான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லிடு" என்றாள்.

"அப்படிச் சொல்ல மாட்டேன் சித்தி. எனக்குப் பாக்கணும், அதான் போறேன்."

"உங்கம்மா நல்லா கெடுத்து வச்சிருக்கா உன்ன."

"ஆமா சித்தி, நல்லாத்தான் கெடுத்து வச்சிருக்கா," என்றேன். சித்தி அந்தப் பக்கம் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் நடு வரிசையில் உட்கார்ந்தோம். படம் புதுசு போல இருந்தது. அப்போது நமக்குக் கோடு கோடாகத் தெரிந்த வானம் இப்போது சுத்தமான நீலம். தம்பி தலையில் நரை விழுந்த பிறகும் எல்லா வசனத்தையும் முன்கூட்டியே சொன்னான். பெரியப்பா கைத்தடியின்மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணெடுக்காமல் பார்த்தார். திரையில் ஆற்று வெள்ளம் வந்தது. இரட்டையரில் மூத்தவன் இளையவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினான். "தூக்கிக்கினு ஓடறான் பாரு," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இடைவேளை விளக்கு எரிந்தது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "சரி, கெளம்பலாம்மா. இதுக்கு மேல நான் பாத்ததுதான்."

தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் திரையின் பக்கம் திரும்பாமல் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதிப் படத்தில் என்ன வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் எழுந்துவிட்டார். இந்த வயதில், உன்னையும் அனுப்பிவிட்டு, அந்தக் கட்டிப்பிடிப்பைத் தாங்க முடியாதென்று பயந்துவிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. "உக்காருங்க பெரியப்பா," என்றேன்.

குரலை உயர்த்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அவர் திரும்பி என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தம்பியின் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கி உட்கார்ந்துகொண்டு, "உங்கம்மா எங்கயும் போவலடா" என்று அவனிடம் சொன்னார்.

விளக்கு அணைந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அம்மா.