அடித்தகரத்து மண்

ஜூலை 3, 2025

சப்ரி இன்று காரை மூடியிருந்த படங்கை இழுத்துப் போட்டுவிட்டார். என் புருஷனின் தம்பி. டிங்கர் கராஜ் வைத்திருக்கிறார். நதீராவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை இந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டுமாம். மகளின் ஆசை.

இரண்டே இருக்கையுள்ள அந்தப் பழைய ட்ரையம்ப். சுனாமி வந்த காலையில் என் புருஷன் றஸாக் இதை எடுத்துக்கொண்டுதான் போனார். நான் கைக்குழந்தையோடு வாசலில் நிற்கிறேன், திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு கார் கரைவாகு வயலில் கிடந்தது. ஆள் இல்லை.

இதை அலங்கரிக்கப் போகிறார்களாம்!

ஜூலை 11

காரின் உட்தரை முழுக்க இற்றுப்போயிருக்கிறது. தகரத்தை வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டுமாம். கார்ப்பட் தைப்பது என் தலையில். ஆட்டோவுக்கு சீற் கவர் தைக்கிற கைதானே. பழைய கார்ப்பட்டை அளவெடுக்கக் கொண்டுவந்து உதறினேன். கடல் மண். கூட்டினேன். மறுபடியும் மண்.

ஜூலை 12

விடிய எழும்பிப் பார்த்தால் தையல் மெஷினடியில் மண். நேற்றுக் கூட்டிய அதே இடம்.

ஜூலை 20

அழைப்பிதழ் அடிக்கிறவர் கேட்டார்: "வாப்பாட பேருக்கு முன்னால மர்ஹூம் போடயா, வாணாமா?"

மௌத்தானவர்களுக்குப் போடுகிற சொல். நான் ஒருநாளும் போட்டதில்லை. மௌத்தானவர்களுக்காகக் குர்ஆன் ஓதுகிற கத்தம்கூட அவருக்கு ஓதியதில்லை. அவரைக் கொழும்பில் கண்டதாக ஒருவர் வந்து சொன்னார், அதையே பிடித்துக்கொண்டேன். எங்களை விட்டுவிட்டு ஓடினவர் எங்கேயாவது நன்றாகத்தான் இருப்பார்.

நதீரா சொன்னாள்: "மௌத்தெண்டு சொல்லுங்க, இல்லாட்டி உசிரோட இரிக்காரெண்டு சொல்லுங்க. ஏதோ ஒண்டு சொல்லுங்க உம்மா."

மீன் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 29

வெட்டிய கார்ப்பட் துண்டைப் பொருத்திப் பார்க்கக் காருக்குள் குனிந்தேன். பழைய தரையில் சாரதியின் குதிகால் படுகிற இடம் மட்டும் தேய்ந்திருக்கிறது. கையை வைத்தேன் — ஈரம். இவ்வளவு காலம் படங்குக்குக் கீழே கிடந்தது எப்படி ஈரமாகும்? சப்ரியிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

அன்றைய கடல் இரைச்சல் இன்று முழுக்கக் காதில்.

ஆகஸ்ட் 8

சப்ரி அவசரமாக வரச் சொன்னார். தரையின் நடுவில் கியர்பெட்டிக்கு மேலிருந்த மூடியைக் கழற்றியிருந்தார். கியர்க்கம்பி சுனாமியன்றே முறிந்துபோனதால் எந்தக் கியரில் நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது.

"மதினி, இஞ்ச பாருங்க. ரிவர்ஸில கெடக்கு. துருப்புடிச்சு அப்படியே இறுகியிரிக்கி."

"தண்ணி அடிச்சதில மாறியிரிக்கும்."

"தண்ணிக்குக் கிளச் மிதிக்கத் தெரியுமா மதினி?"

எங்கள் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் காரைத் திருப்ப இடமில்லை. போகும்போது நேராகப் போவார். வரும்போது மெயின் ரோட்டில் திருப்பி, பின்பக்கமாக வீடு வரைக்கும் வருவார். அவர் ரிவர்ஸ் போட்டால் வீட்டுக்கு வருகிறார் என்று அர்த்தம். சப்ரிக்கும் அது தெரியும்.

ஆகஸ்ட் 9

எதற்குப் போனார்? பயந்தா? யாரையாவது ஏற்றவா? இனி யாரிடம் கேட்பது?

ஓடினாரோ என்னவோ, திரும்பினார். அதற்குள் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்கு ஏறிவிட்டேன். அந்த மனிசன் வெறும் வீட்டுக்கு வந்திரிக்காரு. யா அல்லாஹ், ஆருமே இல்லாத வீட்டுக்கு.

ஆகஸ்ட் 10

மர்ஹூம் போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 23

சப்ரி எஞ்சினையும் கியரையும் திருத்திக் காரை ஓடவைத்துவிட்டார். கார்ப்பட் தைத்து முடிந்தது. புதுத் தகரத்தில் சரியாக உட்கார்ந்தது. கத்தம் ஓதிச் சோறு கொடுத்தோம். நதீரா வாப்பா என்று சொல்லி அழுததை இன்றுதான் கேட்டேன்.

மெஷினடியில் இன்றும் கொஞ்சம் மண். கூட்டவில்லை.

செப்டம்பர் 14

மாப்பிள்ளை றிஸ்மியை ஏற்றிக்கொண்டு சப்ரி ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்தார். மாப்பிள்ளை கார் ரிவர்ஸில் வருகிறதென்று எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே வேலை கிடக்கு, வாங்க என்று பெண்கள் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. கார் வந்து நிற்கும்வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.

இந்த முறை நான் வீட்டில் இருந்தேன்.