என் எரிமலையும் மாமனாரும்

மார்ச் 4
மலையிலிருந்து நான் மூட்டை கட்டிக் கொண்டுவந்த எரிமலைக் கல்லின் வயது வந்துவிட்டது. இருநூற்று எழுபது கோடி ஆண்டு. எண்பது கோடிதான் இருக்கும் என்று என் வழிகாட்டி மேடம் இருபது வருஷமாகச் சாதித்து வருகிறார். கடல்தளம் ஒன்று பக்கத்துப் புவித்தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு போக, அங்கே உருகிப் பொங்கிய எரிமலையாம். என் கணக்குப்படி அப்போது அந்தக் கடலே பிறக்கவில்லை. கொள்கை காலி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த வகைக் கறுப்புப் பாறையில் வயது சொல்லும் சிர்கான் மணி கிடைப்பதே குதிரைக்கொம்பு. எனக்கு மட்டும் அள்ள அள்ள வந்தது. ராசிக்காரன்.

மார்ச் 5
மேடத்திடம் முடிவைக் காட்டினேன். எழுந்து போய்விட்டார். முனைவர் பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டுமே என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மார்ச் 9
மேடம் கூப்பிட்டார். போனால் — சிரிக்கிறார். "நீ சொன்னதுதான்பா சரி. நான்தான் தப்பாவே பாத்திருக்கேன்." பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும்பி வந்து பொங்கியதாம். புதுக் கொள்கை. அடுத்த மாதம் மாநாட்டில் பேசப்போகிறார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

மார்ச் 10
பால்கனியில் மாமனார் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டியைச் சுற்றி அழகாக அடுக்கிய கறுப்புக் கற்கள். ஒன்றில் என் கையெழுத்தில், அழியாத மையில், மாதிரி எண்.

"இது எப்படி மாமா இங்க வந்தது?"

"உங்க மூட்டையிலேருந்துதான் மாப்பிள்ளை. ஒரே அழுக்கு. தேய்ச்சுக் கழுவினேன், பளிச்சுனு ஆயிடுச்சு. நானே வச்சுக்கிட்டேன்."

"அப்போ மூட்டையில இருந்தது?"

"தொட்டிக்குன்னு கடையில வாங்கின கல்லு. மூட்டை இளைச்சுப்போகக் கூடாதுல்ல. அதுவும் கறுப்புதானே."

மூட்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் அரவை இயந்திரத்தில் கவிழ்த்த மேதை நான். மேடம்கிட்ட என்னனு சொல்றது? சொல்லாம விட்டா மாநாட்டுல அவங்க மானம் போகும். சொன்னா என் பட்டம் போகும். பயமா இருக்கு.

மார்ச் 11
சொல்லிவிட்டேன். கேட்டு முடித்த மேடம், "உன் மாமனார் என்ன வேலை பாத்தாரு?" என்றார்.

"தணிக்கை அதிகாரி, மேடம்."

"அதான்."

ஏப்ரல் 2
தொட்டிக் கற்களை அரைத்தோம். மூன்றே சிர்கான் மணிதான் தேறியது. எழுபத்தொன்பது கோடி. மேடத்தின் பழைய கொள்கை அப்படியே சரி.

ஏப்ரல் 3
ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார். "மூணே மூணு மணியை வச்சு என்னப்பா முடிவுக்கு வர்றது? எனக்குப் புதுசுதான் பிடிச்சிருக்கு. பழசுதான் சரின்னு நிரூபிச்சுக் காட்டு, கையெழுத்துப் போடறேன்."

அவர் இருபது வருஷமாக எழுதிய கட்டுரைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய், அவர் சொன்னது சரிதான் என்று காலையிலிருந்து அவரிடமே வாதாடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை அவர்தான் ஜெயிக்கிறார்.