மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற கார்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கை, காரையும் சேர்த்து நால்வரும் நலம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். என் கை முழுக்க கிரீஸ், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் வாய்க்கொழுப்பு. (அப்பாவுக்குக் கையில், எனக்கு வாயில். குடும்பமே வழவழப்பு.)

நம் பழைய காரின் முன் சஸ்பென்ஷனைப் புது மாதிரிக்கு மாற்றுவதா, இருப்பதையே புதுப்பிப்பதா என்று போனில் மல்லுக்கட்டினோமே, கடைசியில் நீ சொன்னபடி புதுப்பிக்கத்தான் செய்தேன். இணைப்புகளில் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டு, ஜாக்கியில் தூக்கி நிறுத்தியபடியே போல்ட்டுகளை மூச்சைப் பிடித்து முறுக்கினேன். கீழே இறக்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. (முதல் ரேங்க் வாங்கியபோது அக்கா நின்றது போல.) தெருமுனை வரை போய் வந்ததில் அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று, இனி ஏறமாட்டேன் என்றுவிட்டாள். மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, இந்தக் கிழவிக்கு வைத்தியம் பார்த்தது போதும், அடிச்சட்டத்தின் முன்பக்கத்தை வெட்டிப் புது சஸ்பென்ஷன் செட்டை வெல்டிங் வைத்துவிடலாம், திங்கட்கிழமை வருகிறேன் என்றார். வெட்டினால் பழையபடி ஆகாது என்று தெரிந்தும் சலிப்பில் தலையாட்டிவிட்டேன்.

நீயும் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் ஞாயிறன்று படம் அனுப்பினேன். அடுத்த நிமிஷமே கூப்பிட்டு, "அப்பா, வெட்ட விடாதீங்க. சக்கரம் தொங்கும்போது முறுக்கினா ரப்பர் அப்படியே முறுக்கிக்கிட்டு நின்னு வண்டியை இறங்க விடாது. போல்ட்டைத் தளர்த்தி, வண்டி வெயிட் சக்கரத்துல நிக்கும்போது திரும்ப முறுக்குங்க" என்றாய். அப்படியே செய்தேன். மூக்கு தானாக இறங்கியது. அம்மா கடைத்தெரு வரை வந்து திரும்பும்போது தூங்கியே விட்டாள்.

திங்களன்று வெல்டிங் மெஷினோடு வந்த மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, யார் கண்டுபிடித்தது என்றார். நான்தான் என்றேன். உன் தங்கை இருமினாள். (தூசி.) பிறகு உண்மையைச் சொன்னேன், என் மகள் அங்கிருந்து ஒரு படத்தைப் பார்த்தே சொன்னாள் என்று. முப்பது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிற எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருக்கிறதே, அதைச் சொல்லும்போது நெஞ்சு கொள்ளவில்லையம்மா.

எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழ வேண்டும். மறக்காதே, உன் நம்பரை அவரிடம் கொடுத்திருக்கிறேன், அவர் ஷெட்டில் இன்னொரு வண்டியும் இப்படியே நிற்கிறதாம், கூப்பிட்டால் எடு. போன வாரம் வரை உன்னைப் பாப்பா என்றவர், மேடத்துக்கு எந்த நேரம் வசதி என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
உன் அப்பா