நீ அழித்துப் போட்ட ஸ்லாட்

இன்று காலை புளியங்குடியிலிருந்து ஒருவர் எலுமிச்சம்பழம் தரம் பிரிக்கிற பழைய தகடு ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். தகடு முழுக்க வரிசையாக வட்ட ஓட்டைகள். ஓரங்களில், போல்ட் நகர்ந்து உட்காருவதற்காக நீளவாக்கில் வெட்டிய ஸ்லாட்டுகள். “இதே மாதிரி புதுசு வெட்டணும். கம்ப்யூட்டர்ல போட்டுத் தாங்கம்மா” என்றார். சாக்கைப் பிரித்ததும் என் சின்ன அறையில் எலுமிச்சை வாசம் நிறைந்துவிட்டது.

வட்ட ஓட்டைகள் வேலையே இல்லை. ஒன்றைப் போட்டுவிட்டு, இத்தனை வரிசை வேண்டும் என்றால் மீதியைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். ஸ்லாட்டுக்கு வந்ததும் திரை அதன் வழக்கமான கேள்வியைக் கேட்டது. நீளத்தை எப்படி அளப்பது? இரண்டு முனை வளைவுகளின் மையத்திலிருந்து மையத்துக்கா, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கா? என் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

நாம் டிப்ளமா முடித்த கையோடு அண்ணாச்சியின் பட்டறையில் சேர்ந்தோம். விசைத்தறிக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறை. கீழே மெஷின்கள், மேலே தகரக் கூரை போட்ட அறையில் நீயும் நானும் இரண்டு கம்ப்யூட்டரும். உன் டிபன் பாக்ஸை நானும் என்னுடையதை நீயும்தான் திறப்போம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் என் செருப்பு தொலைந்துபோன அன்று, உன் செருப்பில் ஒன்றை எனக்குக் கழற்றிக் கொடுத்தாய். ஆளுக்கு ஒரு காலில் செருப்போடு, சூடு ஆறாத ரோட்டில் நொண்டி நொண்டிச் சிரித்துக்கொண்டே வீடு வந்தோம். அதைச் செய்தவளும் நீதான். அதனால்தான் மற்றது இன்னும் ஆறவில்லை.

தறிச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டுகிற அந்த பிராக்கெட் உனக்கு மறந்திருக்காது. நம்மூர்ப் பழைய தறிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை பார்த்தவை. சட்டத்தில் இருக்கிற ஓட்டைகள் ஒரு தறியில் இருப்பதுபோல் இன்னொன்றில் இருக்காது. இரண்டு வட்ட ஓட்டை போட்டால் ஒரு தறிக்குச் சேரும், பக்கத்துத் தறிக்குச் சேராது. தறிக்கூடம் தறிக்கூடமாக ஏறி இறங்கி அளந்தவள் நான். கடைசியில் ஒரு பக்கம் வட்ட ஓட்டை, மறுபக்கம் ஸ்லாட் என்று வைத்தேன். போல்ட் இருபது மில்லிமீட்டர் நகரலாம். எந்தத் தறியிலும் உட்கார்ந்துவிடும். அண்ணாச்சி முதல் பிராக்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளை மூளைக்காரிதான்” என்றார். என்னைவிட நீதான் அதிகம் சந்தோஷப்பட்டாய் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் கரிவலம்வந்தநல்லூர் போயிருந்த சமயம், இன்னும் தடிமனான போல்ட் போடலாம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். ஸ்லாட்டின் அகலத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஒரே ஒரு எண். ஆனால் உனக்குத்தான் எதையும் திருத்தப் பொறுமை கிடையாதே. “மாத்திக்கிட்டு இருக்காதட்டி. அழிச்சிட்டுப் போடு, அதான் சுத்தம்” என்று எனக்கே எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறாய். என் ஸ்லாட்டை அழித்தாய். புதிதாகப் போட்டாய். நீளம் இருபது என்று அடித்தாய். நான் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்த இருபது அது. உன் கம்ப்யூட்டர் அதை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு என்று எடுத்துக்கொண்டது. அகலம் பதின்மூன்று போக, போல்ட் நகர மிஞ்சியது வெறும் ஏழு. திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். கம்ப்யூட்டரில் இருந்த அந்த மாடலை வைத்து மொத்த உருப்படியும் வெட்டிவிட்டார்கள்.

நான் திரும்பி வந்த அன்று அண்ணாச்சி ஒரு பிராக்கெட்டோடு மாடிக்கு வந்தார்.

“ஏம்மா, இது என்ன ஸ்லாட்டு? போல்ட்டு நகரவே மாட்டேங்கு. அம்புட்டும் பழைய இரும்புக்குத்தான் போவணும். யாரு போட்டது?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்: “அது அவ போட்ட மாடல் அண்ணாச்சி.”

பொய் என்று சொல்லிவிட முடியாது. மாடல் நான் போட்டதுதான். எவ்வளவு பக்குவமாகச் சொன்னாய்!

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். “நான்தாட்டி அழிச்சிட்டுப் போட்டேன். இப்ப சொல்லிராத. எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா நாளையிலேருந்து வேலைக்கே விடமாட்டாவ. கொஞ்சம் ஆறட்டும், அண்ணாச்சிகிட்ட நானே சொல்லிருதேன்.” சரி என்றேன். நீ சொல்லுவாய் என்று நிஜமாகவே நம்பினேன்.

அண்ணாச்சி என்னை மாடல் போட விடவில்லை. பில் அடிக்கச் சொன்னார். நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் பிராக்கெட்டைச் சரிசெய்து நல்ல பேர் வாங்கினாய். நான் உன் முகத்தைப் பார்ப்பேன், நீ “சாப்பிடலாமாட்டி?” என்பாய். வேலையை விட்டு, தனியாக இந்த அறையை எடுத்தேன். உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் இன்றும் என்னைத் தேடி வருவதில்லை. “ஸ்லாட்டைக் குறைச்சுப் போட்டுச்சே, அந்தப் பிள்ளையா?” என்பதுதான் இங்கே என் பெயர். அந்தக் கதை தெரியாத வெளியூர்க்காரர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆனாலும் என்றைக்காவது நீ வாயைத் திறப்பாய், என் பெயர் எனக்குத் திரும்பி வரும் என்று காத்திருந்தேன்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்தேன். அண்ணாச்சியும் வந்திருந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். உண்மையைச் சொல்ல இதைவிட வசதியான நேரம் உனக்கு வாய்க்காது. நீ என்னைப் பார்த்தாய், பிறகு அவரைப் பார்த்தாய்.

“அண்ணாச்சி, இவளுக்கு எதாச்சும் வேலை குடுங்க. பாவம், இப்பம்லாம் கவனமாத்தான் பண்ணுதா.”

அவர் தலையை ஆட்டினார். நீ என் கையைத் தடவிக் கொடுத்தாய். உன் கண்ணில் கள்ளம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. சொல்லிச் சொல்லி நீயே அதை நம்பிவிட்டிருந்தாய்.

இறந்தவர் மேல் கோபப்படக்கூடாது என்கிறார்கள். எனக்குக் கோபம்தான். கோபத்தோடுதான் உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில், அண்ணாச்சியும் கேட்கும்படி அழுதார்கள்.

“நீ செஞ்ச தப்புக்கு எம்மவ எம்புட்டுப் பேச்சு வாங்கியிருப்பா! ஆனாலும் ஒன்னய ஒரு நாளும் விட்டுக்குடுக்கலயே மக்கா. அவ மனசு யாருக்கு வரும்?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் எந்த வாயால் உண்மையைச் சொல்ல?

“ஆமாம்மா” என்றேன்.

நீ சொல்லுவதாகச் சொன்னதை, உன் வீட்டில் வைத்து, தலைகீழாக நானே சொல்லி முடித்துவிட்டேன். இனிமேல் உண்மையைச் சொன்னால், போனவள் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். அதனால் அந்தத் தப்பை நானே வைத்துக்கொண்டேன். உன்னுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், ஏட்டி.