தொழுதாச்சு என்று சொல்லிவிட்டேன்

புதன்கிழமை, இஷா தொழுகைக்குப் பின்

மதியம் லுஹர் தொழுததை மறந்துவிட்டுப் பர்வீன் மூன்று முறை மறுபடி முஸல்லாப் பாயை விரித்தாள். மூன்று முறையும் நான் கட்டிலிலிருந்து எழுந்துபோய் மடித்து வைத்தேன். பிறகு அசந்து தூங்கிவிட்டேன்.

நாலாவது முறை வந்து என் தோளைத் தொட்டாள். "ஏங்க, நான் தொழுதுட்டனாங்க?"

கண்ணைத் திறக்காமலே கத்தினேன். "எத்தன வாட்டி சொல்றது? தொழுதாச்சு, போய்ப் படு."

"நீங்க சொன்னா சரிதாங்க" என்று போய்விட்டாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டுத்தான் எழுந்தேன். வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்த மருமகள், "அத்த சாயந்தரம் அஸர் பாங்கு கேட்டுத்தான கைகால் கழுவி ஒளூ செஞ்சாங்க. தொழுவாமயே படுத்துட்டாங்களே மாமா" என்றாள். தோளில் பட்ட கை ஈரமாக இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நேரம் தப்பிப்போன என் அஸரைக் கழாவாகத் தொழுதேன். அவளிடம் என்னவென்று சொல்வது? நினைவு தப்பியவர்கள்மேல் குற்றமில்லை என்று இமாம் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி நான் கேட்கவில்லை.

இந்த வயதில் பொறுமையும் தெம்பும் கொடு என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். லுஹரில் கேட்டது அஸர் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

இஷாவுக்குப் பக்கத்திலேயே இருந்து அவளைத் தொழவைத்தேன். முடித்ததும் கையேந்தினாள். "அல்லாவே, நான் மறந்து மறந்து கேக்கறேன். இவருக்குக் கோவம் வராம பாத்துக்க."

தொழுததை மறக்கிறவளுக்கு இது மட்டும் நினைவிருக்கிறது. ஆமீன் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.